காணும் பொங்கலுக்குக் கூடை யார் தூக்குவது

எங்கள் ஊர் ஆண்களுக்குக் காணும் பொங்கல் என்றால் ஏரியை நீந்திக் கடப்பது. பெண்களுக்குக் காணும் பொங்கல் என்றால் நீந்திக் கடந்தவர்களுக்குச் சோறு தூக்கிக்கொண்டு போவது. எழுபதுகளில், ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் இதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கையும் காலும்கூட நீளம்தான் என்பது அந்தப் பொங்கலில் தெரிந்தது.

ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், கரை, மதகு. அந்தப் பக்கம் காப்புக்காடு. தை மாதம் ஏரி தளும்பிக்கொண்டிருக்கும், காட்டில் இலந்தை பழுத்திருக்கும். மெட்ராஸ்காரர்கள் கடற்கரைக்குக் கிளம்புகிற அன்று நாங்கள் அந்தக் காட்டுக்குக் கிளம்புவோம். மதகுப் பக்கம் ஏரி குறுகல். ஆண்கள் அங்கே குதித்து, சோறு வடிக்கிற நேரத்துக்குள் அக்கரை ஏறிவிடுவார்கள். நாங்கள் குண்டானையும் கூடையையும் தலையில் வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும் கரைமேல் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். போய்ச் சேருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அவர்கள் தலை காய்ந்து, இலந்தைக் கொட்டையைத் துப்பிக்கொண்டு, நிழலில் சாய்ந்தபடி, "இன்னா, இவ்ளோ நேரமா?" என்பார்கள்.

என் அண்ணன் கிண்டியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். விடியற்காலையில் சைக்கிள் மிதித்துப் போய் ரயில் பிடிப்பான். சம்பளக்காரன் ஆனதிலிருந்து வீட்டில் அவன் குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது. அந்த வருஷம் கூட வேலை செய்கிற சைதாப்பேட்டை சிநேகிதன் ஒருவனையும் ஒரு லாரி டியூபையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சிநேகிதனுக்கு நீச்சல் தெரியாது, டியூபில் மிதந்து வருவதாக ஏற்பாடு.

மாட்டுப் பொங்கல் ராத்திரி அம்மா நாளைக்கு வேண்டிய புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அடுப்படியில் எட்டிப் பார்த்தான்.

"நாளைக்காவது குண்டான சாய்க்காம எடுத்துக்கினு வாங்க. போன வருசம் கொழம்பு பாதி வழியிலயே ஊத்திக்கிச்சி."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நாளைக்கு நான் நீந்தி வரேன். குண்டான நீ தூக்கு, சாய்க்காம," என்றேன்.

அவன் சிரித்தான். "நீயா? கெணத்துத் தவள. ஏரில எறங்கிப் பாரு, தெரியும்."

"அக்கர ஏறிட்டா?"

"ஏறிட்டா இனிமே கூடைங்க எங்க தலையில. நடுவுல டியூபத் தொட்டேன்னு வெச்சிக்கோ, அப்புறம் ஆயுசுக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "ரெண்டு பேரும் சண்டைய வுட்டுட்டு வாழ எல அறுத்துக்கினு வாங்க," என்றாள்.

எனக்கு நீச்சல் நன்றாகவே வரும். சின்ன வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றில் விழுந்தவள். பத்தொன்பது வயதில் அந்தக் கிணற்றில் என்னை முந்த எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஆகவே மறுநாள் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மதகுப் படியில் நின்றபோது எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. கரைமேல் சித்திகளும் பெரியம்மாக்களும் கூடைகளோடு நின்றார்கள். வயசுப் பெண் இப்படி நிற்கிறாளே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அம்மா தலையில் பெரிய குண்டானோடு முன்னால் நின்றாள். மற்ற ஆண்கள் குதித்துப் போனபிறகு நான் குதித்தேன். அண்ணன் சிநேகிதனை டியூபில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்தான். நான் எப்போது கை நீட்டுவேன் என்று பார்ப்பதற்குத்தான்.

நல்ல வேகத்தில் போனேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, கை சலிக்கவில்லை. பாதி ஏரி தாண்டியிருப்போம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தால், எனக்கு நேர் எதிரே மதகு நிற்கிறது. அம்மா நிற்கிறாள்.

"இன்னாமா, வூட்டுக்குப் போறியா?" என்று அண்ணன் கேட்டான். டியூபில் இருந்தவன் சிரித்த சிரிப்பில் டியூபே ஆடியது.

திரும்பி மறுபடி நீந்தினேன். மறுபடியும் கொஞ்ச தூரத்தில் மதகு இடது பக்கம் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் விளங்கியது. கிணற்றில் ஏழெட்டுக் கை போட்டால் சுவர் வந்துவிடும், உடனே இடது பக்கம் ஒடிந்து திரும்பவேண்டும். இத்தனை வருஷமும் சுவரை ஒட்டி வட்டம் போட்டே பழகிய உடம்பு, சுவரே இல்லாத ஏரியிலும் வட்டம் போட்டது. அண்ணனுக்கு இது தெரியும். அவனும் அதே கிணற்றில்தான் கற்றுக்கொண்டான், அவனும் முதல் தடவை சுற்றியிருப்பான். முந்தின ராத்திரி அந்தச் சிரிப்பு அதற்குத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குளிர் போய்விட்டது.

கை தளர்ந்துகொண்டிருந்தது. டியூப் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தது. "தொட்டுக்கோ, யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று அண்ணன் நிஜமான கரிசனத்தோடுதான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. மல்லாந்து படுத்தேன். மதகின் கல்தூண் என் இரண்டு கால் பெருவிரல்களுக்கும் நடுவில் தெரிந்தது. அது நடுவிலேயே இருக்கிறவரை நான் போவது நேர்வழி. இந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தக் காலை அழுத்தி உதைத்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தால் இந்தக் காலை. ஊரைப் பார்த்துக்கொண்டே ஊரைவிட்டுப் போனேன். தூண் சிறுத்துக்கொண்டே வந்தது.

அப்படிப் போகையில் கரையில் நடப்பதெல்லாம் தெரிந்தது. பெண்கள் யாரும் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மா குண்டானைத் தலையிலிருந்து இறக்கினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் இறக்கினார்கள். நான் முழுகிவிடுவேன் என்று பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். அம்மாவும் கையை ஆட்டினாள்.

முதுகில் கோரைப்புல் உரசியது. காலை ஊன்றினால் முழங்கால் வரை சேறு. தவழ்ந்துதான் ஏறினேன், ஆனால் ஏறினேன். அண்ணன் டியூபைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தான். சைதாப்பேட்டைக்காரன்தான் கைதட்டினான். நான் காட்டுக்குள் போய், ஆண்கள் எப்போதும் சாய்ந்திருக்கிற மர நிழலில், அவர்களைப் போலவே காலை நீட்டி உட்கார்ந்து இலந்தைப் பழம் தின்றேன். உலகத்தில் அதைவிடச் சொகுசான இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. கரை வளைவில் ஒரு தலையும் தெரியவில்லை. தண்ணீர் ஓரம் போய்ப் பார்த்த சைதாப்பேட்டைக்காரன் அங்கிருந்தே சொன்னான்: "யப்பா, அவங்கோ அங்கியே எல போட்டுக்கினாங்கோ."

ஓடிப்போய்ப் பார்த்தோம். கரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சையாக இலைகள். அண்ணன் வாயில் கை குவித்துக் கத்தினான். பதிலுக்கு இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டே கை காட்டினார்கள். வேறு வழியில்லாமல் நாங்கள் எல்லோரும் கரையைச் சுற்றி நடந்தோம். வெறுங்கையோடு நடந்தாலே அந்த வழி எவ்வளவு நீளம் என்று வழியெல்லாம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் எரிச்சலில் வேகமாக நடந்தான்.

போய்ச் சேர்ந்தபோது குண்டானில் அடி காந்தல் மட்டும் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஆண்களைப் பட்டினி போட்டது சரி. உங்களுக்காக ஏரியைக் கடந்து வந்தவளுக்கு ஒரு கை புளிச்சோறு எடுத்து வைக்கக் கூடாதா?

"ஏம்மா, எனக்கு?" என்று கேட்டேன்.

அம்மா இன்னும் இலைக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மறந்துட்டேன்டி. பாத்துக்கினே சாப்ட்டேனா, எவ்ளோ போட்டுக்கினேன்னே தெரியல. கண்ணாலம் கட்டிக்கினு வந்ததிலேர்ந்து வருசா வருசம் இந்தக் கரமேல போறேன். தலையில சொம இருந்தா கழுத்தத் திருப்ப முடியுமா, காலடியத்தான் பாக்க முடியும். இந்த ஏரி இவ்ளோ பெருசுன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. காந்தலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.