சுவருக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு

இல்லத்தரசி வேலையில் சமையல் அரை நாள். மீதி அரை நாள் போனில் வழி சொல்வது. பெருமாநல்லூர்ப் பக்கம், தோட்டத்தை மனைகளாகப் பிரித்து சைட் போட்டு விற்ற இடத்தில் வீடு கட்டிய பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இது புரியும். எங்கள் வீதி ஒரு சுவரில் போய் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சைட். அதைத் தாண்டினால் மெயின் ரோடு, ஆஸ்பத்திரி. என் மாமியாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வலி வந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார் டாக்டர். நாங்கள் ஊரையே சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சுவரில் ஒரு வழி, அவ்வளவுதான் நான் கேட்டது.

சிலிண்டர்

வந்துவிட்டேன் என்று போன் செய்தார் கேஸ்காரர். வாசலில் ஆளில்லை. மேப் அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தது. பள்ளியில் கான்வென்ட் சிஸ்டர்கள் ஊட்டிய பொறுமையில் மிச்சத்தைத் திரட்டி, சுற்றி வரும் வழியைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார்.

"அக்கா, உங்க ஊடு நல்லாத் தெரியுதுங்க. மாடியில நைட்டி காயறதுகூடத் தெரியுது. வழிதானுங்க இல்ல."

அண்ணன் தம்பி

எங்களுக்கு சைட் விற்றவர் பனியன் கம்பெனி முதலாளி. அடுத்த சைட் அவர் அண்ணனுடையது. கிணற்றுப் பங்கில் சண்டை. வரப்பு இருந்த இடத்தில் சுவர். "உங்க சண்டைக்கு நாங்க ஏனுங்க ஊரைச் சுத்தணும்?" என்று எங்களுக்கு விற்றவரிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். காபி கொடுத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"நாங்களே பேசிப் பல வருசமாச்சுங்க. எங்க ரோடு மட்டும் போயி அவங்க ரோட்டைத் தொடலாமுங்களா?"

ஆம்புலன்ஸ்

ஒரு மத்தியானம் மாமியாருக்கு நெஞ்சுவலி. சைரன் காதைக் கிழிக்கிறது, வண்டியைக் காணோம். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம்! சுற்றி வந்து சேர்வதற்குள் அவருக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. எனக்கும்தான். நல்லவேளை, பிழைத்தார். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது டிரைவர் சொன்னார்:

"ஊட்டுல ஒரு ஏணி வாங்கி வெச்சுக்கங்க அம்மணி. அடுத்த தடவை சுவத்து மேலயே வாங்கிக்கறோம்."

கையெழுத்து

இந்தச் சேதி கேட்டு அண்ணன் தம்பி இருவருமே இறங்கி வந்தார்கள். வீதிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் சுவரை இடிக்கலாம் என்றார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினேன். "பாக்கலாமுங்க" என்றார்களே தவிர, பேனாவை யாரும் தொடவில்லை. கடைசியில் மாமியாரிடம் நீட்டினேன். எங்கள் வீடு அவர் பேரில்தான் இருக்கிறது. நெஞ்சுவலி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏங்கண்ணு, சுவத்த இடிச்சா பனியன் கம்பெனி வேன் பூரா நம்ம வாசல்லதான ஓடும்? சும்மா உடு."

சுவரைக் கட்டியவர்களின் மனதைக்கூட மாற்றிவிட்டேன். அதில் முட்டிக்கொண்டு குடியிருப்பவர்களைத்தான் அசைக்க முடியவில்லை.