அணையடிக் கசிவும் அப்பாவின் கண்ணாடித் தம்ளரும்

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அச்சுக்குக் கொடுக்கும் முன் தம்பி போன் செய்து, "அக்கா, எல்லாரும் படிக்கறது. காரசாரமா எழுதிராத" என்றான். அவனுக்காக இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மிச்சம் இதுதான்.

"ஊரார் அனைவரின் அன்பையும் பெற்றவர்" என்று முன்பக்கத்தில் அப்பாவைப் பற்றி அச்சாகியிருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளில் அவரோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். நான் அந்தப் பொய்யில் சேரவில்லை.

அப்பா பிறந்தது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில். அவர் பிறந்த வீடும் மானாவாரிக் காடும் இன்று எங்கள் அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. நிலத்தை அணைக்குக் கொடுத்த தாத்தா அதே அணைக்கு மண் சுமக்கப் போனார். அப்பாவும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடை தூக்கினார். கரை எழும்பியதும் அவரை லஸ்கராக வைத்துக்கொண்டார்கள். மதகைத் திறந்து மூடுவது, நீர்மட்டம் குறிப்பது, கரையில் எலி வளை விழாமல் பார்ப்பது அந்த வேலை. கரைமேல் மாடு ஏறினால் மாட்டுக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். சொந்தக்காரர் மாடு என்றால் எட்டுத் தலைமுறை. என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து காப்பி குடித்து முடித்த பிறகுதான், முழங்கால் வரை சேறோடு அணையிலிருந்து வந்து சேர்ந்தார்.

அம்மாவின் சீரில் ஆறு கண்ணாடித் தம்ளர்கள் வந்தன. அதில் ஒன்றை அப்பா அணைக்குக் கொண்டுபோய்விட்டார். எங்களுடையது மண் அணை. கரைக்குள் ஊறும் தண்ணீர் கரையின் அடியில் ஒரு கல் ஓடை வழியாகக் கசிந்து வெளியே வரும். தினமும் காலையில் அதை அளந்து, தம்ளரில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். "ஒழுகாத மண் அணை ஒலகத்துலயே கெடையாது. வேர்த்தாத்தான் ஒடம்புக்கு நல்லது. ஆனா தெளிவா வரணும். கலங்கி வந்தா உள்ள மண்ணு போவுதுன்னு அர்த்தம்" என்பார். பார்த்ததை நோட்டில் எழுதுவார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அப்பா மட்டும் போய்க்கொண்டே இருந்தார். யாரும் கேட்காத நோட்டை எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் கேட்டார்கள். அணைகளின் பாதுகாப்பைச் சோதித்து வகைப்படுத்தும் குழு வந்தது. அதிலிருந்த பொறியாளர் அம்மா அணையடியில் தரையில் உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டினார். சில மாதங்களாகத் தண்ணீர் கலங்கி வந்தது அதில் இருந்தது. எங்கள் அணைக்கு இரண்டாம் வகை கொடுத்தார்கள். "செகண்ட் கிளாஸ்ல பாஸ்" என்று ஊரில் மிட்டாய் கொடுத்த கூத்தும் நடந்தது. ஒன்றாம் வகை என்றால் உடனடி ஆபத்து, இரண்டு என்றால் பெரிய பழுது, மூன்றாம் வகைதான் நல்ல அணை என்று பிறகுதான் விளங்கியது. பழுது பார்க்கும்வரை முழு நீர்மட்டத்துக்கு மூன்று அடி குறைவாகவே தண்ணீர் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. இரண்டாம் போகம் போயிற்று.

ஊர் முழுக்க அப்பா மேல் பாய்ந்தது. கடைமடையில் நெல் போட்டிருந்த என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்: "ரிட்டேர் ஆனவனுக்கு நோட்டு எதுக்கு? ஊரு வாயில மண்ணப் போட்டுட்டியே அண்ணா!" மதகு திறக்கும் நாளில் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, லஸ்கருக்குத் துண்டு கட்டுவது எங்கள் வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் துண்டு அப்பாவுக்குத்தான் வந்தது. அந்த ஆண்டு அவரைக் கூப்பிடவில்லை. அவர் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு மத்தியானம் வரை வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

நான் மட்டும் யோக்கியமா? என் புகுந்த வீட்டு வயலும் அந்த அணைப் பாசனம்தான். நானும் போய்க் கேட்டேன், "அந்த ஒரு வரிய எழுதாம வுட்டிருந்தா என்னப்பா?" என்று. அப்பா கோபப்படவில்லை. "எழுதலன்னா கலங்குன தண்ணி தெளிஞ்சிருமா கண்ணு?" என்றார்.

இரண்டு ஆண்டுகள் பழுது பார்க்க யாரும் வரவில்லை. மறு ஆய்வுக்கு மட்டும் தேதி சொன்னார்கள். அப்போது அடைமழை. சொன்ன அளவையும் தாண்டி அணையில் தண்ணீர் ஏறியிருந்தது. அப்பா தொப்பூரில் என் தம்பி வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தார். அன்று பட்டப்பகலில் சித்தப்பாவின் டிராக்டர் களிமண் மூட்டைகளோடு என் வீட்டைத் தாண்டிப் போனது. என்ன என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"கசிவு வர்ற ஓடைய அடைக்கப் போறோம். வர்றவங்க கண்ணுக்குக் காஞ்சி கெடந்தா மூணாம் நம்பரு குடுத்துருவாங்க. ஒங்கப்பன் காதுக்குப் போவ வேணாம்."

ஒழுகாத மண் அணை கிடையாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கரை ஊறிப்போகும் என்று தெரியும். ஆனாலும் என் வயலும் காய்ந்துதானே கிடந்தது? வாயை மூடிக்கொண்டேன். தொப்பூருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அப்பா அணைக்குப் போனார். ஓடை காய்ந்து கிடந்தது. கரையின் பின்பக்கம் கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று உள்ளே வாங்கியது. நான்கு ஊர் அந்தக் கரைக்குக் கீழே இருக்கிறது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பீர்களா? கடப்பாரையால் நெம்பி ஒவ்வொரு மூட்டையாக இழுத்துப் போட்டார். கடைசி மூட்டையோடு சேர்ந்து வழுக்கிக் கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மேட்டுத் தெரு அக்கா ஓடி வந்தபோது அப்பா சொன்னது இதுதான்: "என்னைத் தூக்காத. மொதல்ல தம்ளர்ல புடிச்சி, தண்ணி என்னா நெறம்னு பாரு."

கலங்கலாக வந்தது. சாயங்காலத்துக்குள் தெளிந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "சும்மா இருந்திருந்தா இடுப்பு போயிருக்குமாண்ணா?" என்று கேட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூட்டை போனது எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு போவேன். கஞ்சியை ஊட்டிவிட்டுத் திரும்பி வருவேன். சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன். இந்த மலரில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அவர் போன மறுநாளே நாற்சந்தியில் ஆளுயர பிளெக்ஸ் வைத்தீர்கள். "ஊருக்காக உழைத்த உத்தமர்." உயிரோடு இருந்தபோது டீக்கடையில் அவருக்கு இடம் விடாத ஊர்!

மறு ஆய்வுக்கு வந்த பொறியாளர் அம்மா மூட்டைகளையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார். அந்த அம்மா மேலிடத்துக்கு விடாமல் எழுதியதால் கோடையில் மணலும் ஜல்லியும் போட்டுக் கரையடியைச் சரிசெய்தார்கள். இந்த ஆண்டு மூன்றாம் வகை கிடைத்தது. அணை நிரம்பி நிற்கிறது. கடைமடையில் சித்தப்பாவின் நெல் நிற்கிறது. கரை நின்றதால்தான் சித்தப்பா, நெல் நிற்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. ஆட்டை விட்டுவிட்டு அப்பாவைச் சுமந்து ரோடு சேர்த்த மேட்டுத் தெரு அக்காவுக்கு, பெயர் சொல்ல விரும்பாத அந்தப் பொறியாளர் அம்மாவுக்கு, முகம் சுளிக்காமல் ஒரு மாதம் படுக்கை மாற்றிய வார்டு ஆயாவுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மற்றவர்கள் இலை போட்டதும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த ஓடையில் மட்டும் இனி கை வைக்காதீர்கள்.

போன மாதம் மதகு திறந்தபோது, படத்துக்குப் போடச் சொல்லி ஊர்ச் சார்பில் ஒரு துண்டு கொடுத்தனுப்பினீர்கள். சித்தப்பாதான் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். படத்துக்குப் போடவில்லை. அப்பா போனதிலிருந்து தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அணைக்கு நான்தான் போகிறேன். தண்ணீர் பிடிக்குமுன் தம்ளரைத் துடைக்க ஒரு துணி வேண்டியிருந்தது. அந்தத் துண்டு அதற்கு ஆகிறது.