கொசுறு போட்ட கணக்கு

என் மூத்த மகள் ஆட்டின் மேல் ஏறிச் சவாரி போகப் பார்த்துக் காலை ஒடித்துக்கொண்டபோது அவளுக்கு ஆறு வயது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்குப் போய் வேலியை மேய்ந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. பரளச்சிப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப்புறம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு ஓடையை எப்படித் தாண்டுவாள்? ஒன்றாம் வகுப்பில் பாதி வருடம் வீட்டிலேயே கழிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் விந்தி விந்தித்தான் நடந்தாள்.

நான் வீட்டு வாசலில் வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். ஊரே அவரைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடும். ஆனால் கடலை வாங்க வந்தால் அவர் வேறு ஆள். இரண்டு உழக்கு அளந்து கொட்டிய பிறகும் மஞ்சள் பையை மூடமாட்டார். பையின் வாயை விரித்துப் பிடித்தபடி, எதிரே இருக்கும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்கவும் மாட்டார், போகவும் மாட்டார். நான் ஒரு பிடி கொசுறு போட்டால்தான் அந்தப் பை மூடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொசுறைப் போடுவதற்கு முன்பாகவே மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். நேரம் பார்த்துக் கேட்க எனக்கும் தெரியும்.

"வாசிப்பெல்லாம் சமாளிச்சுரும்மா. கணக்குத்தான் இடிக்கும்" என்றார். "பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு நானே பத்துக் கணக்கு வாய்விட்டுக் கேப்பேன். அஞ்சு கூட்டல், அஞ்சு கழித்தல். ஏழு சரியாச் சொன்னா ரெண்டாம் வகுப்பு. இல்லேன்னா ஒண்ணாம் வகுப்புல இன்னொரு வருசம் உக்காரட்டும்."

இதைக் கேட்டுச் சின்னவள் குதிக்க ஆரம்பித்தாள். அந்த வருடம்தான் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தோம். "அப்ப அக்காவும் நானும் ஒரே கிளாஸா? நான் லீடரு, அக்கா என் பக்கத்துல!"

பெரியவள் அன்று சோறு தின்னவில்லை. "அவ பக்கத்துல உக்காரச் சொன்னா, மறுபடியும் ஆட்டு மேல ஏறி விழுந்துருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். என் வீட்டுக்காரரை அருப்புக்கோட்டைக்கு அனுப்பினேன். அவர் டவுனில் காப்பி குடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு வாய்ப்பாட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் இருக்கு. ஒரேயடியாப் படிச்சிட்டா பத்தாம் வகுப்பு வரைக்கும் கவலையில்ல" என்றார். மகள் பத்தே நாளில் எல்லாவற்றையும் ராகம் போட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சரி, ரெண்டும் ஒண்ணும் எத்தனை?" என்று கேட்டேன். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது எந்தப் பக்கத்துலம்மா இருக்கு?" என்றாள். புத்தகத்தைப் பரணில் எறிந்தேன்.

அடுத்தது மதுரையில் இருக்கும் என் நாத்தனார் கொடுத்துவிட்டது. காரியாபட்டி வழியாக வந்த பஸ்ஸில் நடத்துநர் கையில் வந்து சேர்ந்தது. வழவழவென்று தாள், பக்கத்துக்குப் பக்கம் ஆப்பிள். எங்களில் ஒருவரும் ஆப்பிளைக் கண்ணால் பார்த்ததில்லை. தக்காளி என்றே முடிவு செய்தோம். "அஞ்சு தக்காளியில மூணைப் பையன் தின்னுட்டான். மிச்சம் எத்தனை?" என்றேன். "பச்சைத் தக்காளிய மூணு தின்னா வயித்தால போகும்மா. அவுக அம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்றாள். எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்கு அந்தப் பையனின் வயிறுதான் கவலையாக இருந்தது.

மூன்றாவது, பள்ளிக்கூடத்திலேயே பாடமாக வைத்திருந்த புதுப் புத்தகம். குளத்தில் எட்டு வாத்து நீந்துகிறது, மூன்று கரையேறுகிறது என்று இருந்தது. "குளம்னா?" என்றாள். நம் கண்மாய் மாதிரி என்றேன். அங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் கண்மாயில் அவள் பிறந்ததிலிருந்து தண்ணீர் நின்று பார்த்ததில்லை. கருவேலமுள்ளும் ஆடும்தான். "கண்மாயில எப்படிம்மா நீந்தும்? முள்ளுக் குத்தாதா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தை எழுதியவரைப் பிடித்து எங்கள் கண்மாயில் நீந்தவிட்டிருப்பேன்.

அப்படிக் கத்திக்கொண்டே கடலை அளக்க உட்கார்ந்தபோதுதான் புத்தி வந்தது. புத்தகமாவது மண்ணாவது. ஒரு கைப்பிடிக் கடலையை அவள் முன்னால் கொட்டினேன். நாலை இங்கே வை, மூன்றை அங்கே வை, சேர்த்து எண்ணு. ஒரே வாரத்தில் கூட்டல் வந்துவிட்டது. கழித்தல் இன்னும் சுலபம், தின்றுவிட்டு மிச்சத்தை எண்ணினாள். நான் பள்ளிக்கூடம் வைக்காமல் கடலை விற்கிறேனே என்று எனக்கே வருத்தமாகிவிட்டது.

பிறகுதான் கவனித்தேன். "நாலும் மூணும்?" என்றால், "ஏழு" என்று எண்ணி முடித்துவிட்டு, உழக்கிலிருந்து ஒரு கடலையை எடுத்து மேலே போட்டு, "எட்டு" என்றாள்.

"அது என்னடி கடைசியில ஒண்ணு?"

"கொசுறு."

"கணக்குல ஏதுடி கொசுறு?"

"நீதானம்மா சொன்ன? அளந்து முடிச்சதும் ஒரு பிடி போடணும், போடாட்டி முகத்தச் சுளிச்சுக்கிட்டுப் போயிருவாகன்னு."

சொன்னது நான்தான். என் வியாபாரத்துக்குச் சொன்னது என் கணக்குப் பாடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கழித்தலில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. எடுக்கிற இடத்தில் யாராவது கொசுறு போடுவார்களா என்று அவளே எனக்கு விளக்கினாள். ஒரு மாதம் மல்லுக்கட்டி அந்தப் பழக்கத்தை விடவைத்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று கிளம்பும்போது சத்தியமே வாங்கினேன். "பள்ளிக்கூடத்துல கொசுறு கிடையாது. சரியா?" "சரிம்மா."

தலைமை ஆசிரியர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். எனக்குத்தான் பரீட்சை மாதிரி வியர்த்தது.

"நாலும் மூணும் எத்தனை பாப்பா?"

"ஏழு."

அப்பாடா என்றிருந்தது. அவர் அடுத்த கணக்கை யோசித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பாழாய்ப்போன பள்ளிக்கூடத்திலும் ஒரு வேப்பமரம். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். மனசு கேட்காமல், "சரி, எட்டு" என்றாள்.

"கடைசியா என்ன சொன்ன?"

"எட்டு."

"தப்பு."

இப்படியே நாலு கூட்டல் போயிற்று. அவர் மரத்தைப் பார்ப்பார், இவள் ஒன்று போடுவாள். ஐந்தாவதில் நான் இருமிய இருமலில் மேசை அதிர்ந்திருக்கும். அந்த ஒன்றில் மட்டும் கொசுறு விழவில்லை. கழித்தல் ஐந்தும் சரி.

"மொத்தம் ஆறும்மா. ஏழு வேணும்னு சொன்னேன்ல?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னவள் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருப்பது கண்முன் தெரிந்தது. கெஞ்சலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் மகள் தோளில் கிடந்த பள்ளிப்பையை எடுத்தாள். வாயை விரித்து இரண்டு கையாலும் பிடித்தாள். மேசைக்கு முன்னால் போய் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தாள்.

அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. காதோரம் சிவந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி. இன்னும் ஒண்ணு கேக்குறேன். ஏழும் ரெண்டும்?" என்றார்.

"ஒம்பது."

அவர் காத்திருந்தார். நானும் பத்து வந்துவிடுமோ என்று காத்திருந்தேன். மகள் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அம்புட்டுத்தான் சார். இந்தத் தடவை கொசுறு நீங்க போட்டுட்டீகள்ல."

அவளை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். சின்னவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து போட்ட கூப்பாடு ஓடை வரை கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைமை ஆசிரியர் வந்தார். இரண்டு உழக்கு கொட்டியதும் சட்டென்று பையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். பெரியவள்தான் ஒரு பிடிக் கடலையை அள்ளிக்கொண்டு, "சார், கொசுறு! சார்!" என்று கத்தியபடி தெருவில் இறங்கினாள். பாதிக் கடலை வழியெல்லாம் சிந்தியது. திட்டுவதற்காக எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கட்டைப் பிரித்த பிறகு அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.