சொன்னதைத் திருப்பிச் சொல்பவள்

அவளுக்கு வீட்டில் எதிரொலி என்று பெயர். வைத்தது அக்கா புருஷன். கடைக்குப் போய் வரச் சொன்னால், "அரைக் கிலோ சர்க்கரை, ரெண்டு சோப்பு, ஒரு பாக்கெட் பால், அவ்வளவுதானே?" என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் செருப்பில் காலை நுழைப்பாள். யாராவது "நான் கிளம்பறேன்" என்றால்கூட, "கிளம்பறீங்க, சரி" என்பாள். பதினொரு வருடமாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற ஒருத்தியிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

அங்கே அதுதான் வேலை. காதில் ஹெட்போன், எதிரே திரை. அழைப்பு வந்ததும் முதலில் விலாசம், அப்புறம்தான் என்ன ஆயிற்று என்கிற விசாரிப்பு. விலாசம் கிடைத்த கையோடு வண்டியை அனுப்பிவிடக் கூடாது. அதைச் சொன்னவருக்கே வரி தவறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாங்க" என்ற பிறகு பச்சைப் பொத்தான். சேர்ந்த புதிதில் இதை அவள் மண்டையில் அடித்து ஏற்றினார்கள். ஏறியது இறங்கவேயில்லை.

வேலையில் அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். வண்டி போய்ச் சேர்ந்ததும் அழைப்பு முடிந்துவிடும். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று ஒரு குரல், யாரோ ஓடுகிற சத்தம், தாழ்ப்பாள் விலகுகிற சத்தம், அத்தோடு இணைப்பு துண்டிக்கப்படும். அந்த மனிதர் பிழைத்தாரா, அந்தப் பிள்ளை கண் திறந்ததா, ஒன்றும் தெரியாது. அடுத்த அழைப்பு காத்திருக்கும். பதினொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கதவுகள் திறந்திருக்கும்! ஒன்றின் பின்னால் இருந்த முகத்தையும் அவள் பார்த்ததில்லை. பாதிக் கதையைத் தூக்கிக்கொண்டு தினமும் வீட்டுக்குப் போவது அவளுக்குச் சலித்துவிட்டது. வண்டியில் போகிற மருத்துவ உதவியாளர் ஆகிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

முடிவு கட்டியது சுலபம். அந்தப் படிப்பில் சேரப் பள்ளி இறுதிச் சான்றிதழ் முழுசாக வேண்டும். அவளுடையதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. உயர்நிலை ஜெர்மன். பதினேழு வயதில், வகுப்பில் ஆள் குறைவு, நிம்மதியாக இருக்கலாம் என்று எடுத்த பாடம் அது. ஆள் குறைவான வகுப்பில் ஆசிரியர் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் கிடையாது என்பது சேர்ந்த பிறகுதான் உறைத்தது. பரீட்சை வாரத்தில் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்றாள். அந்த அடுத்த வருடம் பதினேழு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

இப்போது வயது முப்பத்துநான்கு. படிப்பில் சேர உச்ச வயது முப்பத்தைந்து. எடுத்த பாடத்தை மாற்றிக்கொள்ள விதியில் இடமில்லை. ஆக, இந்த ஒரு தடவைதான்.

அக்கா முதலில் நம்பவில்லை. "இந்த வயசுல ஜெர்மனா? உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. அந்த வேலை வேணாம்னுதானே இது," என்றாள் அவள்.

வாத்தியார் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அக்கா மகள் அதே வருடம் அதே பரீட்சைக்கு உட்கார இருந்தாள். பதினேழு வயது, வாய் எட்டு ஊருக்குப் போதும். காலை வேலை இரண்டு மணிக்கு முடிந்ததும் இவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் சித்தி, ஒரு பக்கம் மகள், நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு அகராதி. மகள் ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்தால் அக்கா வீட்டில் யாரும் மிக்சி போடக் கூடாது.

காதால் கேட்டு எழுதுகிற பகுதியில் சித்தியை அடிக்க ஆளில்லை. அழுகை, நாய்க் குரைப்பு, லாரி ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து ஒரு வீட்டு எண்ணைப் பொறுக்கி எடுத்த காது அது. சுத்தமான அறையில் நிதானமாகப் பேசப்பட்ட ஜெர்மன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. படிப்பதும் கட்டுரையும் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தால் வந்துவிடும் போலிருந்தது. உழைத்தாள். பஸ்ஸில் சொற்கள், பஸ் நிறுத்தத்தில் வினைச்சொற்கள். தானாக முணுமுணுக்கிறவள் பக்கத்தில் யாரும் உட்காராததால் ஜன்னலோர இடம் எப்போதும் கிடைத்தது.

மாட்டிக்கொண்டது பேச்சில். பதிவு செய்த ஒரு குரல், தெரிந்தவர் போனில் பேசுவது போல ஐந்து தடவை ஏதாவது கேட்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பீப். பதில் சொல்ல இருபது நொடி. மறுபடி பீப், அவ்வளவுதான். பாதி வார்த்தையில் இருந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதல் நாள் அந்தக் குரல், வார இறுதியில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டது. பீப் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, அழகான ஜெர்மனில், "வார இறுதியில் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். சரிதானே?" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருந்தாள். பீப்.

மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "சித்தி, அது டேப்பு. அது ஆமான்னு சொல்லாது."

"தெரியுது. வாய்தான் கேக்க மாட்டேங்குது."

வாயைக் கேட்க வைக்க மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, சித்தி கேள்வியைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தால் ஸ்பூனால் அதன் தலையில் ஒரு போடு. டிங். முதல் வாரம் அக்கா வீடு பாத்திரக் கடை மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் ஐந்து கேள்விக்கும் ஸ்பூன் அசையவில்லை. இருபது நொடியும் முழுப் பதில். மகள் எழுந்து நின்று கைதட்டினாள். சித்திக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பு. ஒரு பெண். புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகைக்கு நடுவிலும் விலாசத்தைத் தெளிவாக, ஒப்பிப்பது போலச் சொன்னாள். கதவு எண், தெரு, எதிரே தண்ணீர்த் தொட்டி. இவள் விரல் பச்சைப் பொத்தானில் இருந்தது. அழுத்திவிட்டாள். நாலு நொடி மிச்சம் என்று மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வேறு.

ஆறு நிமிடத்தில் வண்டியிலிருந்து குரல் வந்தது. "வீடு பூட்டியிருக்குங்க. வாடகைக்குன்னு போர்டு தொங்குது."

அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தாள். இந்த முறை விலாசத்தை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். அந்தப் பெண் அலறினாள். "ஐயோ, அது பழைய வீடுங்க. நாங்க போன வாரந்தான் மாறி வந்தோம்."

வண்டி திரும்பி, சந்து பொந்தெல்லாம் நுழைந்து சரியான வாசலுக்குப் போய்ச் சேர ஒன்பது நிமிடம் கூடுதலாயிற்று. அந்த ஒன்பது நிமிடமும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார். அவளைவிட இரண்டு வயது சின்னவர், அதிகம் பேசாத மனிதர். பதிவு ஓடி முடிந்தது. "நடுவுல ஒண்ணு காணோமே," என்றார்.

"ஆமா சார்."

"பதினோரு வருஷத்துல முதல் தடவை." அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "ஆள் பிழைச்சுட்டார். சொல்லக் கூடாது, சொல்லிட்டேன். நீங்க போங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. பயத்தில் இருப்பவர்களுக்கு மனப்பாடமாக இருப்பதுதான் வாயில் வரும். வருடக்கணக்கில் குடியிருந்த வீடு வரும், ஒரு வாரம் குடியிருந்த வீடு வராது. அதையே இன்னொருத்தர் வாயால் கேட்கும்போதுதான், அடடா தப்பு என்று அவர்களுக்கே உறைக்கும். திருப்பிச் சொல்வது கேட்கிறவளின் காதுக்காக இல்லை, சொன்னவரின் காதுக்காக. இது அவளுக்குத் தெரியாததா? புதிதாகச் சேர்ந்த எத்தனை பேருக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்! ஒரு டம்ளரும் ஸ்பூனும் சேர்ந்து அதைத் துடைத்துப் போட அவளே வழி விட்டிருக்கிறாள். அந்த மனிதர் போயிருந்தால்?

அக்கா வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக ஸ்பூனை எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டு வந்தாள். நடந்ததை மகளிடம் ஒளிக்காமல் சொன்னாள். மகள் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை நிமிர்த்தித் தள்ளி வைத்தாள்.

"என்னாலதானே சித்தி?"

"இல்லடீ. நான்தான். பொத்தான் என் விரல்ல இருந்துச்சு."

"அப்போ பரீட்சை?"

"எழுதறேன். திருப்பியும் சொல்றேன்."

"ரெண்டும் இருபது நொடிக்குள்ள எப்படி அடங்கும்?"

"அடக்கணும். எத்தனை நொடியில திருப்பிச் சொல்றேன்னு இப்ப பாரு."

ஒன்பது நொடி வந்தது. அன்றையிலிருந்து இருவரும் அந்த ஒன்பதைத் தேய்க்க ஆரம்பித்தார்கள். முழு வாக்கியம் வேண்டாம், உயிரான இரண்டு மூன்று சொல் போதும். சரிதானே என்ற கேள்வி வேண்டாம், குரல் தாழ்ந்தால் போதும். எட்டு, ஏழு. ஏழில் இரண்டு வாரம் சண்டி மாடாய்ப் படுத்துவிட்டது. ஸ்டாப்வாட்சை முறைத்தபடி மகள் நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டாள், இவள் நூற்றுக்கணக்கான தடவை திருப்பிச் சொன்னாள். அக்கா புருஷன்கூட வேலையிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றாமல் கேள்வி எழுதிய அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். எதிரொலி என்று கூப்பிடுவதை அந்த மாதம் நிறுத்தி வைத்திருந்தார். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது நாலு நொடிக்கு வந்தது. மீதி பதினாறு பதிலுக்கு.

பரீட்சை நடந்தது மகளின் பள்ளியில். வாசலில் காவலாளி அவளுக்கு மட்டும் எழுந்து நின்றார். உள்ளே ஒரு ஆசிரியை ஓடி வந்து சீல் வைத்த கேள்வித்தாள் கட்டு ஒன்றை அவள் கையில் திணித்து, "மேடம், மூணாவது ரூம், சீக்கிரம்," என்றார்.

"மூணாவது ரூம், சரி," என்று வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்தும் விட்டாள். அப்புறம்தான் நினைவு வந்து திரும்பினாள். "மேடம், நான் எழுத வந்தவ." பின்னால் வரிசையில் நின்ற மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுத்து நல்லபடியாகப் போயிற்று. பேச்சுக்கு ஒவ்வொருவராக ஒரு சின்ன அறைக்குள் விட்டார்கள். மேசை, ஒரு மைக், ஒரு ஹெட்போன். ஹெட்போனைக் காதில் வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. மகளைவிடச் சின்னப் பெண்ணின் குரல் ஒன்று, வகுப்பில் சுற்றுலா போவதைப் பற்றி அவளிடம் பேச ஆரம்பித்தது. மூன்று கேள்விகள் சரளமாகப் போயின.

நாலாவது கேள்வி வந்தது. பயணம், சனிக்கிழமை என்று இரண்டு சொல் காதில் விழுந்ததுமே, மேசையில் நாற்பது தடவை ஒப்பித்த பதில் ஒன்று நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. மலைக்குப் போவேன், தம்பி தங்கையோடு போவேன் என்று நீளமான, அழகான பதில். பீப். கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் வாய் தன் பழக்கத்தை விடவில்லை. நாலு நொடியில் திருப்பிச் சொன்னது: "சனிக்கிழமை பயணம். உனக்கு முழங்காலில் அடி. உன்னால் வர முடியாது."

தன் குரலிலேயே கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பெண் மலையைப் பற்றிக் கேட்கவில்லை, அடிபட்டிருக்கிறாள். நாக்கு நுனியில் நின்றது பழைய வீட்டு விலாசம். அதை விழுங்கினாள். மீதிப் பதினாறு நொடியில், பதினொரு வருடம் தமிழில் பேசியதை ஜெர்மனில் பேசினாள். இப்போது எங்கே இருக்கிறாய், முதலில் இடத்தைச் சொல். எழுந்து நடக்காதே. காலை நீட்டி வை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? மற்றவர்களுக்கு நான் தகவல் சொல்கிறேன், நீ பயப்படாதே. பீப்.

தேறிவிட்டாள். மகளுக்கு அவளைவிட ஒரு படி மேலான மதிப்பெண், அதை மகள் இன்று வரை சொல்லிக்காட்டுகிறாள். எதிரொலி என்ற பெயரும் அக்கா புருஷன் வாயில் அன்று மாலையே திரும்பி வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒரு பிற்பகல். ஆம்புலன்ஸில் முன் இருக்கை, மடியில் மருந்துப் பை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு புதுக் குரல் விலாசம் சொன்னது. அவள் திருப்பிச் சொன்னாள். "ஆமாங்க," என்றது குரல்.

வண்டி நின்றது. பையை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். உள்ளே "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று ஒரு குரல், யாரோ ஓடி வருகிற சத்தம், தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். இதுவரைக்கும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கதவு திறந்தது.