'எப்போதும்' என்ற கட்டம்

சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மேனேஜருக்கு எவ்வளவு தலைமைப் பண்பு இருக்கிறது என்று தொழிலாளர்களிடமே கேட்டு அளப்பது என் ஆராய்ச்சி. கேள்வித்தாளில் யார் பெயரும் இருக்கக் கூடாது. அப்போதுதான் பயமில்லாமல் பதில் சொல்வார்களாம். இந்த விதியை எழுதியவர் எந்த ஆலைக்கும் போயிருக்க மாட்டார்.

அந்த அம்மாவின் விரல்களில் மரவள்ளிப் பால் காய்ந்து கறுத்திருந்தது. எதைக் கேட்டாலும், கையிலிருக்கும் கிழங்கைத் தோல் சீவிக் குவியலில் போட்ட பிறகுதான் வாய் திறப்பார்.

"மேனேஜர் உங்க மேல தனி அக்கறை காட்டுறாராம்மா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, எப்போதும். இதுல எது?"

கிழங்கு குவியலில் விழுந்தது.

"எதுல டிக் போட்டா நாளைக்கும் வேலைக்குக் கூப்புடுவாங்க சார்?"

"நீங்க சொல்றது அவருக்குத் தெரியாதும்மா."

"ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினுதான கீறாரு. எல்லாத்துலயும் எப்போதும்னு போட்டுக்குங்க. எம் பேருகூட அவருக்குத் தெரியாது. எட்டாம் நம்பருன்னுதான் கூப்புடுவாரு."

அப்படியே போட்டேன். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் அளந்த மேனேஜர்களில் அவருக்குத்தான் அதிக மதிப்பெண்.

முடிவைக் கொடுக்கப் போன அன்று, அந்த அம்மாவின் இடத்தில் வேறொரு பெண் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி விசாரிக்க எனக்கும் வழியில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லையே.

"எட்டாம் நம்பர் எங்கம்மா?" என்றேன்.

அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தாங்க."