பிளவக்கல் தண்ணீரும் சேத்தூர் சாவியும்

தொண்ணூற்று நான்கு பொங்கல் லீவில் எங்கள் சபையார் பிளவக்கல் அணைக்கு ஞானஸ்நானத்துக்குப் போனோம். முங்கப் பேர் கொடுத்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் பாட்டுப் பாடவும் புளியோதரை சாப்பிடவும் போனவர்கள். நான் இரண்டாவது வேலைக்கு. ஞானம் வந்த பிறகுதான் ஸ்நானம் என்றால் எனக்கு எழுபது வயதாகிவிடும் என்று அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்.

என் பையில் ஒரு ரகசியமும் இருந்தது. அத்தை வீட்டுக்காரர் செல்லையா மாமா மில்லில் ஃபிட்டர். ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார். ஆனால் வருடா வருடம் அணைக்கு வந்து கரையிலேயே நிற்பார். கேட்டால், "மாத்துத் துணி கொண்டு வரலயே ஐயா" என்பார். சோப்புப் போடாமலே நழுவுகிற ஒரே மனிதர். இந்தத் தடவை அத்தையிடம் சொல்லி, அவருடைய வேட்டி, சட்டை, துண்டை நான் ஒளித்து எடுத்துக்கொண்டேன்.

வேன் காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் கிளம்பியது. தலைக்கு இருபது ரூபாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் டீ, பால்கோவா. (திரும்பும்போது வாங்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், திரும்பும்போது யாரும் வேனை நிறுத்த மாட்டார்கள்.) டிரைவர் அந்த ஊர்க்காரர், நெற்றியில் நாமம். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் சிரித்தார். "நாங்க மார்கழி முச்சூடும் விடியக்காலம் முங்குதோம். நீங்க ஆயுசுக்கு ஒரு தரம் முங்க இம்புட்டு யோசிக்கீகளே!"

எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். அவர் கை மட்டும் இடுப்பைத் தடவியது. அங்கே அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். என்ன சாவி என்று யாருக்கும் சொன்னதில்லை.

கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாக மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். வத்திராயிருப்புக்கு அப்புறம் ரோடு கிடையாது, ரோட்டின் ஞாபகம்தான் உண்டு. எட்டு மணிக்கு அணைக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீர் ஓடும் இடத்தில் இறங்கினோம். மலைத் தண்ணீர், கால் வைத்தாலே பல் ஆடும்.

பாஸ்டர் ஐயா தண்ணீரில் நின்றபடி சுருக்கமாகப் பேசினார். "இது அழுக்குப் போகக் குளிக்கிற இடம் இல்ல. பழைய ஆளை அடக்கம் பண்ற இடம். பொறவு அந்த ஆள் செஞ்சதையே நீங்க தொடரக் கூடாது."

ஐந்து பேரும் முங்கி எழுந்தார்கள். ஐயா கரையைப் பார்த்தார். "செல்லையா?"

"மாத்துத் துணி..." என்று மாமா ஆரம்பிக்க, நான் பையிலிருந்து வேட்டியை உருவிக் கொடி மாதிரி விரித்தேன். கரையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"ஏலே, துணியா பிரச்சன? தண்ணிக்குப் பயந்தா நிக்கேன்? முங்கி எந்திரிச்சா நான் சேத்தூர் போணும்லே."

சேத்தூரில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொதுக் கிணறாம். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து மோட்டார் போடுவார்களாம். ஒரு வரப்புச் சண்டையில், அண்ணன் முறையன்று மாமா மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியோடு ராஜபாளையம் வந்துவிட்டார். அண்ணனுக்கு நாற்று கருகியது. அன்றோடு பேச்சும் நின்றது.

"கடவுள் சொல்றது புரியலன்னா தப்பிச்சிக்கிடலாம். எனக்கு நல்லாப் புரியுது, அதாம்லே கஷ்டம்."

அவர் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். "தண்ணியில விழுந்துரும், பிடி." இறங்கினார். முங்கினார். இருமிக்கொண்டே எழுந்தார். நான் சாவியை நீட்டினால் வாங்கவில்லை. "நீயே வச்சிரு. எங்கிட்ட தந்தா திரும்ப இடுப்புக்குப் போயிரும்."

ஐயா அப்போது என்னைப் பார்த்தார். "நீ எப்பலே?"

"மாத்துத் துணி இல்லயே ஐயா." என் வாய்தான் சொன்னது.

மதியம் ராஜபாளையம் வந்ததும் நானும் மாமாவும் சேத்தூர் பஸ் ஏறினோம். எட்டு கிலோமீட்டர். மாமா ஈரத் துணி மூட்டையை மடியிலேயே வைத்திருந்தார். அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்தார்.

"ஈரத் துணியோட வார. எந்த எழவு வீட்டுலருந்து? யாரு செத்தா?"

"நாந்தாண்ணே" என்றார் மாமா. நான் சாவியைக் கொடுத்தேன், மாமா அதை நீட்டினார்.

அண்ணன் சாவியைப் புரட்டிப் பார்த்தார். "கிறுக்குப் பயலே, அந்தப் பூட்டை நாலாம் நாளே உடைச்சாச்சு." பிறகு அவர் வைக்கோலைக் கீழே போட்டார். "ஈரத்தை ஏன் கையில வச்சிருக்க? கொடியில போடு. காய்ஞ்ச பொறவு போலாம்."

துணி காய்வதற்குள் இரண்டு முறை சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: மழைக்காலம் முடிந்து தை மாதம் போங்கள், தண்ணீர் இருக்கும். ஆழமான பக்கம் இறங்க வேண்டாம். அங்கே மீன் பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள். வத்திராயிருப்பு தாண்டினால் டீக்கடை கிடையாது. மாத்துத் துணி கட்டாயம்.

மாமாவின் அந்த வேட்டியும் சட்டையும் இப்போது என் பையில் இருக்கின்றன. அவரே துவைத்து மடித்து வைத்தார். எனக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அது ஒரு காரணமாகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.