மாமா பெயரில் இருந்த சிம்

எங்கள் சோலார் பிளான்ட்டில் இருந்த இன்வர்ட்டர்கள் எல்லாமே சீனாவில் செய்தவை. இதை யாரும் மறைக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்தே இருந்தது. பேனல் தரும் மின்சாரத்தை ஊர்க் கம்பியில் போகக்கூடிய மின்சாரமாக மாற்றுவது இந்தப் பெட்டிகளின் வேலை. அவை நின்றுவிட்டால் பேனல் வெயிலில் காயும் வெறும் கண்ணாடி.

வடமதுரையிலிருந்து உள்ளே போகும் சாலையில், எங்கள் ஊரின் மானாவாரி நிலத்தில் அந்த பிளான்ட் வந்தது. நிலத்தை நீண்ட குத்தகைக்குக் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று முதலில் பேசினார்கள். பிறகு சிலருக்கு வேலை என்றார்கள். கடைசியில் எங்கள் ஊரில் வேலை கிடைத்தது இரண்டே பேருக்கு. அம்மாவின் அண்ணனுக்கு கேட்டில் காவல் வேலை. ஒரு வருடம் கழித்து எனக்கு கன்ட்ரோல் ரூமில் இன்ஜினியர் வேலை. இரண்டும் ஒரே குடும்பத்துக்குப் போனதை ஊர் மறக்கவில்லை. ஆடு மேய்ந்த இடத்தில் கம்பி வேலி வந்திருந்தது. வேலிக்கு வெளியே ஆடுகளோடு நின்றவர்களுக்கு, உள்ளே மாமா நீலச் சட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தினமும் தெரிந்தது. அந்தச் சட்டையை அவர் கல்யாண வீடுகளுக்கும் போட்டுக்கொண்டு போவார்.

சிம் வாங்கியது நான் சேர்வதற்கு முந்தைய கதை. ஒவ்வொரு இன்வர்ட்டரும் எவ்வளவு ஓடியது, எப்போது சூடானது என்ற தகவலை ஒரு சிறிய மோடம் வழியாக, செய்த கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். மோடத்துக்கு ஒரு சிம் வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து கம்பெனி பெயரில் சிம் வர நாளாகும். திறப்பு விழா நெருங்கிவிட்டது. மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு, “அண்ணே, உங்க ஆதாரை எடுத்துட்டுப் போயி ஒரு சிம் வாங்கிட்டு வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஒருவர் பெயரில் கேஸ் இணைப்பு இருக்கும், அடுப்பு இன்னொருவர் வீட்டில் எரியும். மச்சான் பெயரில் பைக், செத்துப்போன தாத்தா பெயரில் கிணற்று மோட்டார். பெயரைக் கொடுப்பது தீப்பெட்டி கொடுப்பது மாதிரி. மாமா வடமதுரைக்குப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த செல்போன் கடையில் கைரேகை வைத்து வாங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. மாமாவுக்கு அது பெருமையாகப் போய்விட்டது. டீக்கடையில் சொல்வார்: “அம்புட்டு மிஷினும் எம் பேர்லதாம்ப்பா ஓடுது. சீனாக்காரன் அங்கன உக்காந்து பாக்குறான்ல, அது எஞ் சிம்முலதான். நான் கழட்டுனா அவனுக்குக் கண்ணு தெரியாது.” கேட்பவர்கள் டீயைக் குடித்தபடி தலையாட்டுவார்கள். யாரும் மறந்துபோகாதபடி இரண்டு வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்வர்ட்டர் கோளாறானால் சீனாவில் இருந்த சர்வீஸ் இன்ஜினியருக்கு இங்கிருந்து இணைப்பைத் திறந்து விடவேண்டும். அவர் அங்கிருந்தே சரிசெய்வார். திறந்து விடுவது என் வேலை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த ஆங்கிலத்தில் எழுதுவார். ‘மதிப்பிற்குரிய மேடம், இயந்திரத்தைச் சற்று நேரம் உறங்க விடவும்’ என்பது போல இருக்கும். ஒரு முறை உங்கள் ஊரில் பருவநிலை எப்படி என்று கேட்டார். வெயில் என்றேன். எங்கள் ஊரில் பனி என்றார். நான் நடத்திய வெளிநாட்டு உறவு அவ்வளவுதான்.

வேறு நாட்டில் உட்கார்ந்து ஒருவர் நிறுத்தக்கூடிய இயந்திரம் முழுதாக நம்முடையது இல்லை என்று சேர்ந்த முதல் மாதமே மேனேஜரிடம் சொன்னேன். இணைப்பை நம் பக்கமே வைத்துக்கொள்ள என்னென்ன செய்யலாம் என்றும் வரிசையாகச் சொன்னேன். அவர் போனிலிருந்து தலை தூக்காமல், “கரண்ட் வருதுல்ல? விடும்மா” என்றார்.

பிறகு எல்லையில் பதற்றம் வந்தது. டீக்கடை டிவியில் நாள் முழுதும் அதே செய்தி. யார் யாருக்கு ஆயுதம் கொடுத்தார்கள், சீனா யார் பக்கம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தில் வைக்க ஓர் ஆள் கைவசம் இருந்தார்.

ஒரு நாள் காலையில் மாமாவின் பங்காளி ஒருவர் ஆரம்பித்து வைத்தார். வேலை கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர். மாமா டீக்கு வந்து உட்கார்ந்ததும், “அப்பு, ஒரு போனப் போட்டு அவங்ககிட்டச் சொல்லேன், சண்டைய நிப்பாட்டச் சொல்லி. ஒம் பேர்லதான அம்புட்டும் ஓடுது” என்றார்.

மாமாவும் சிரித்தார். “ஏலே, சும்மா இருங்கடா.”

மறுநாள் டீ ஆற்றுபவர், “இவருக்கு டீ குடிச்சா சேருமோ என்னவோ, நூடுல்சுதான் பழக்கமா இருக்கும்” என்றார். ஒருவர் கண்ணை இடுக்கிக் காட்டினார். அடுத்தடுத்த நாட்களில் சிரிப்பு குறைந்து பேச்சு மட்டும் மிஞ்சியது. கேட்டுக்கு முன்னால் ஆடு ஓட்டிப் போகிறவர்கள், “சீனாக்காரரே, ஆடு போகலாமா?” என்று அனுமதி கேட்டார்கள். அத்தை தண்ணீர்க் குழாய்க்குப் போனபோது ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு, “ஒங்களுக்கென்னக்கா, அங்கிருந்து கப்பல்ல வரும் தண்ணி” என்றாள். மாமா டீக்கடைக்குப் போவதை விட்டார். நீலச் சட்டையை பிளான்ட்டுக்குள் வந்துதான் மாட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் அரசிடமிருந்து உத்தரவு வந்தது. மின் நிலையக் கருவிகளுக்கு வெளிநாட்டு சர்வரோடு தொடர்பு இருக்கக் கூடாது, யார் திறந்து விட்டார்கள், எந்த எண்ணில் என்பதைச் சொல்லவேண்டும் என்றது. நியாயமான உத்தரவு. நான் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் இந்திக்காரர், பேசவில்லை. இன்னொருவர் தமிழர், மிக மரியாதையாகப் பேசினார். மோடத்தைக் கழற்றி, சிம்மை உருவி, வெள்ளைத் தாளில் வைத்தார்கள். யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதும் மேனேஜர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “லோக்கல் ஆள் யாரோ வாங்கினது சார். கேட்ல இருக்காரே, அவரா இருக்கும்.”

மாமா வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“இந்த சிம்மை யாருங்க வாங்கச் சொன்னது?” அதிகாரி கேட்டார்.

மாமா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஏசி ரிமோட்டை எடுத்துக் குளிரைக் கூட்டினார். மாமா அதிகாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தப் புள்ளதான் சார்.”

நான் உடனே சொன்னேன்: “நான் வேலைக்குச் சேர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சிம் வாங்கியாச்சு சார். நான் சேர்ந்த தேதியைப் பாத்துக்கலாம்.”

“சரிங்க மேடம். ஆனா நீங்க இதைப் பயன்படுத்தியிருக்கீங்களா?”

“ஆமா.”

“வெளிநாட்டு ஆளுக்கு இணைப்பைத் திறந்து விட்டது?”

“நான்தான். மேனேஜர் சொல்லித்தான் செஞ்சேன்.”

மேனேஜர் வருத்தப்பட்டவர் போலத் தலையை ஆட்டினார். “டெக்னிக்கல் வேலையெல்லாம் ஒன் பொறுப்பும்மா. நான் எதுக்குச் சொல்றேன்? நான் சொன்னதா எங்கயாச்சும் எழுத்துல இருக்கா?”

இல்லை. எல்லாமே வாய்ச்சொல்.

அதிகாரி மாமாவைக் காட்டி, “இவர் உங்களுக்கு உறவா?” என்று கேட்டார்.

“அம்மாவோட அண்ணன்.”

அவர் முகம் தெளிந்தது. மாமா சிம் வாங்குகிறார், மருமகள் இணைப்பைத் திறக்கிறாள். மேனேஜர் எங்கும் இல்லை, கம்பெனி எங்கும் இல்லை. எனக்கே அந்தக் கதை நம்பும்படியாகத்தான் இருந்தது. யார் பெயர் போகவேண்டும் என்பதை பிளான்ட் நிர்வாகம் எழுத்தில் சொல்லட்டும், அதை அறிக்கையில் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அந்த அறிக்கையில் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இனி எந்த மின் நிலையமும் ஆளைச் சேர்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்கும். நான் படித்ததற்கு வேறு வேலையில் பயன் இல்லை.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று அம்மா நினைத்திருக்கவேண்டும், அவசரமாக இலை போட்டார். மாமா கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

“ஒனக்கென்ன ஆத்தா, படிச்சவ” என்றார். “கோயமுத்தூரு, சென்னைன்னு போயிருவ. எனக்கு அந்த கேட்ட விட்டா என்ன இருக்கு? நெலத்தையும் அவங்கிட்டக் குடுத்துட்டேன்.”

“மேனேஜர் பேரச் சொல்லியிருக்கலாம்ல மாமா? உண்மை அதுதான.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார். “அவரு பேரச் சொன்னா நாளைக்கு என்னைய வெளிய தள்ளிருவாரு. ஒம் பேரச் சொன்னா நீ என்ன செஞ்சிருவ?”

கணக்கு சரிதான். அம்மா என்னைப் பார்த்து, “அண்ணன் பேரு கெட்டா நம்ம எல்லாருக்குந்தான் கேவலம். நீ பொம்பளப் புள்ள, கல்யாணமானா எப்படியும் வேலைய விடப்போறவதான” என்றார். மாமா இலையைத் தட்டி, “அந்த வெஞ்சனத்த இன்னுஞ் செத்த வையி” என்றார். அம்மா வைத்தார்.

இணைப்பை வெட்டிய பிறகு வெயில் ஏறியதும் ஒரு இன்வர்ட்டர் நின்றது. திரையில் ஒரு குறியீடு கேட்டது. அதைத் தரக்கூடியவர் பனி ஊரில் இருந்தார். அந்த வரிசைப் பேனல்கள் முழு வெயிலில் சும்மா கிடந்தன. தினமும் இவ்வளவு மின்சாரம் தரவேண்டும் என்று ஒப்பந்தம். தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜருக்கு போன் மேல் போன். ஒரு பக்கம் தொடர்பு கூடாது என்றது உத்தரவு, இன்னொரு பக்கம் மின்சாரம் குறையக் கூடாது என்றது ஒப்பந்தம். இரண்டுக்கும் நடுவில் நிற்க அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த முறை ஏசியைக் குறைத்தார்.

“அந்த ஆளோட நம்பர் ஒங்கிட்ட இருக்கும்ல? ஒன் சொந்த போன்ல இருந்து ஒரு மெசேஜ் போட்டு கோட வாங்கிரு. பிளான்ட் நெட்டத் தொட வேணாம். யாருக்கும் தெரியாது.”

“அதத்தான் செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்.”

“செஞ்சு குடுத்தா, அவங்களுக்குக் குடுக்குற லெட்டர்ல ஒன் பேரு வராது. ஒங்க மாமா பேரப் போட்டுருவோம். சிம்மு அவரு பேர்லதான, யாரும் கேக்கமாட்டாங்க. அவருக்கு என்ன, படிப்பா, பாஸ்போர்ட்டா? வயசாளி. நாலு நாள் விசாரிப்பாங்க, விட்ருவாங்க.”

மாமாமேல் பாசத்தால் நான் மறுத்ததாக யாரும் நினைக்கவேண்டாம். மெசேஜ் அனுப்பினால் நான் செய்யாத குற்றத்தைச் செய்தவள் ஆகிவிடுவேன், அதற்கான சாட்சி என் போனிலேயே இருக்கும், அது மேனேஜருக்கும் தெரியும். முதல் காரணம் அது. இரண்டாவது, அந்த உத்தரவு சரியானது. மாமா மூன்றாவதாகவும் வரவில்லை.

“முடியாது சார்” என்றேன்.

“சரி” என்றார். கோபப்படவில்லை. “இன்னைக்கே கிளம்பிரு. லெட்டர்ல ஒன் பேரு போகும்.”

என் மேசையில் இருந்தவை: ஹெல்மெட், கையுறை, சாப்பாட்டு டப்பா, மின்சாரத்தை அளந்து பார்க்கும் ஒரு மல்ட்டி மீட்டர். ஹெல்மெட்டும் கையுறையும் கம்பெனியுடையவை, அவற்றை வைத்துவிட்டேன். மல்ட்டி மீட்டர் காலேஜில் இறுதி ஆண்டில் நானே வாங்கியது. மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

கேட்டில் மாமா கை காட்டி நிறுத்தினார். அதற்குள் அவருக்கு போனில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

“பையத் தெற.”

திறந்தேன். சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்த்து மூடினார். மல்ட்டி மீட்டரை வெளியே எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார்.

“இது கம்பெனியோடதா?”

“என்னோடது மாமா. நம்ம வீட்ல நீங்களே பாத்திருக்கீங்க. ஒங்க மோட்டார் ரிப்பேரானப்ப இத வச்சுத்தான் பாத்தேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்” என்று சொல்லிவிட்டு மேனேஜருக்கு போன் போட்டார். “சார், மீட்டர் ஒண்ணு வச்சிருக்கு சார், தன்னோடதுங்குது. விடலாங்களா?” மறுமுனையில் என்ன சொன்னார்களோ, “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுக்கொண்டார். மீட்டரைப் பையில் போடாமல் தன் நாற்காலிமேல் வைத்தார். “பில்லு இருந்தா எடுத்தாந்து காமிச்சுட்டு வாங்கிக்கச் சொன்னாரு.”

“ஒரு மெசேஜ் போட்டா எனக்குப் பதிலா லெட்டர்ல ஒங்க பேரப் போடுறதாச் சொன்னாரு மாமா. நான் போடல.”

உள்ளே மேனேஜரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது ஆத்தா” என்றார். “வண்டிய ஓரமா எடு. காரு வருது.”

நான் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன். மாமா சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். கார் அவரைக் கடந்து போனது. அதன் கண்ணாடி இறங்கவில்லை.